பைக்கு அடியில் தெரிந்த எழுத்து

நான் சொல்வதை முழுசாக நம்பிவிடாதீர்கள் தம்பி. நானே நம்பவில்லை. இதில் முக்கியமான ஒரு பகுதி எனக்கு இன்னொருவர் சொன்னது. அதைப் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். சொன்னவர் வேறு யாரும் இல்லை, அந்தக் கதவுக்குப் பின்னால் உங்கள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாரே, அந்தச் சலோமி சிஸ்டர்தான்.

உட்காருங்கள். அவ்வளவு சீக்கிரம் வெளியே விடமாட்டார். கை கழுவவே அரை நாள் சொல்லிக்கொடுப்பார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, மறுபடி முதலிலிருந்து. என் மனைவிக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அப்போது அவர் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். திருநெல்வேலிக்கு வந்துவிட்டார் என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் உடனே கிளம்பவில்லை. ஏன் என்று தெரியவில்லை. இன்று கிளம்பினேன்.

நான் சிவகாசி. பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிறவன். தினசரிக் காலண்டர் வீட்டில் மாட்டியிருப்பீர்கள், அதில் தேதிக்குக் கீழே பொடியாக ராகுகாலம், நல்ல நேரம், திதி, நட்சத்திரம் எல்லாம் இருக்கும் இல்லையா? அதை அச்சுக்குப் போகும் முன் படிக்கிற ஆள் நான். ஒரு வருடத்து நாள் மொத்தமும் என் கண் வழியாகப் போய்த்தான் ஊருக்குப் போகும். அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். ஆனதில்லை. நான் பார்த்ததில் ஆனதில்லை.

என் மனைவி பேர் செல்வக்கனி. எனக்குத் தாய்மாமன் மகள். ஐந்தாவது வரைதான் படித்தாள், பிறகு கல்யாணம் வரைக்கும் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினாள். சட்டத்தில் தீக்குச்சியை வரிசையாக நிறுத்துகிற வேலை. அந்தக் கை எதையும் வேகமாகச் செய்யும். சிஸ்டர் அவளிடம் முதலில் சொன்னதே அதுதான், "அக்கா, இங்க வேகம் வேண்டாம்." அவளுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. எங்களுக்குத் தெரியாது. தெரிந்தபோது சிறுநீரகம் இரண்டும் முடிந்திருந்தது.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வாரத்துக்கு மூன்று நாள் மதுரைக்கு வந்து மிஷினில் படுப்பது. இன்னொன்று வீட்டிலேயே செய்வது. வயிற்றில் ஒரு குழாய் வைத்துவிடுவார்கள். அது வழியாக ஒரு பை மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். அது சில மணி நேரம் வயிற்றுக்குள் கிடந்து ரத்தத்தில் இருக்கிற கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வேறொரு பையில் வெளியே இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். நாளுக்கு நாலு வேளை. உங்கள் அம்மாவுக்கும் அதுதானே? தெரியும் உங்களுக்கு. சும்மா சொல்கிறேன், சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

வீட்டிலேயே என்று முடிவு பண்ணினோம். நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் போட்ட ஆல்பம் வெளியாகும், அதிலிருந்து பொங்கல் வரை எனக்கு பிரஸ்ஸில் நிமிர நேரம் இருக்காது. அது அவளுக்குத் தெரியும். "வாரத்துக்கு மூணு நாள் உங்களை மதுரைக்கு இழுத்தா, அந்த வருஷம் ஊருக்கே கிழமை தப்பிப்போகும் அத்தான்" என்றாள். அவள் பேச்சு அப்படித்தான்.

பழகிக்கொள்ள மதுரையில் ஒரு வாரம் தங்கினோம். உங்களை மாதிரியே நானும் வெளியே பெஞ்சில்தான் இருந்தேன். பிரஸ்ஸிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. சிஸ்டர் இரண்டு தடவை கதவைத் திறந்து, சார் நீங்களும் உள்ள வாங்க என்று கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. கடைசி நாள் நானே உள்ளே போய்ச் சொன்னேன், இவள் செய்யட்டும், ஆனால் கடைசியில் நான் ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன், என் தொழிலே அதுதான் என்று. அந்தம்மா சிரிக்கக்கூட இல்லை.

"பாருங்க சார், வேண்டாம்னு சொல்லல. ஆனா அவங்க வயிறு, அவங்க கை, அவங்க கண்ணு. அவங்க பாத்து முடிச்சப்புறம் நீங்க பாருங்க."

எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. பதினெட்டு வயதில் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் வயிறு அவள் கை என்று எனக்கு ஒருத்தர் சொல்ல வேண்டிய மாதிரி அவளை வைத்திருந்தேனா என்று அப்போதும் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். சரி, நமக்கு இதில் இடமில்லை போலிருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டேன். சிஸ்டர் சொன்னதற்கு மரியாதை கொடுத்துத்தான் ஒதுங்கினேன். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள், அவள் அறையை இதற்கு ஒதுக்கினோம். சுவரோடு பை வந்த அட்டைப்பெட்டிகள் அடுக்கிக் குடோன் மாதிரி ஆகிவிட்டது. பை மாற்றும்போது ஜன்னல் சாத்த வேண்டும், ஃபேன் நிறுத்த வேண்டும், காற்றில் தூசி பறந்து குழாய் வாயில் விழக்கூடாது. சிவகாசி வெயிலில் சாத்தின அறைக்குள் வாயில் துணியும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அந்தப் பைக்கு அவள் என் அம்மா பேரை வைத்திருந்தாள். என் அம்மா அவளுக்கு அத்தை இல்லையா, இருந்த காலத்தில் வேளாவேளைக்குக் கவனிக்கவில்லை என்றால் முகத்தைத் தூக்கிக்கொள்ளும். இவள் சுவரில் மாட்டின பையைப் பார்த்து, "அத்தை வந்தாச்சு, கதவைச் சாத்துங்க" என்பாள்.

இப்போது முக்கியமான இடம். வெளியே வந்த தண்ணீரைப் பார்க்க வேண்டும். அது இளநீர் மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் வயிற்றுக்குள் கிருமி போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே போக வேண்டும், நாளைக்கு என்கிற பேச்சே கிடையாது. தெளிவா கலங்கலா என்று வெறும் கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்று சிஸ்டர் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். பையை நியூஸ் பேப்பர் மேல் வைத்துப் பார்ப்பது. பைக்கு அடியில் இருக்கிற எழுத்தைப் படிக்க முடிந்தால் தெளிவு. படிக்க முடியாவிட்டால் அந்த நிமிஷமே சிஸ்டருக்குப் போன்.

முதலில் அவள் அப்படித்தான் பார்த்தாள். கூடத்தில் என் பேப்பரை விரித்து, பையை அதன் மேல் வைத்து, குனிந்து எழுத்துக்கூட்டிப் படிப்பாள். "மழைக்கு வாய்ப்பு இல்லைன்னு போட்டிருக்கான் அத்தான், தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்பாள்.

அந்தப் பேப்பரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய விஷயம் இல்லை. காலையில் வரும், நான் எட்டு மணிக்கு பிரஸ்ஸுக்குப் போய்விடுவேன். சாயங்காலம் வந்து குளித்துவிட்டுத்தான் பிரிப்பேன். கையில் சிவப்புப் பேனா இருக்கும். பிழையைச் சுழித்துக்கொண்டே படிப்பேன். யாருக்கும் அனுப்புவதில்லை, ஒரு பழக்கம். அவள் கேலி பண்ணுவாள், சாமி நெற்றியில் எழுதினதையே சிவப்பு மையில் திருத்துகிற ஆள் என்று. எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் என் நேரம். உங்களுக்குப் புரியும், உங்கள் கையிலும் பேப்பர் இருக்கிறதே. மடிப்புக் குலையாமல் வைத்திருக்கிறீர்கள்.

அந்த மருந்துத் தண்ணீரில் சர்க்கரை கலந்திருக்கும். குழாயைக் கழற்றும்போது ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விழத்தான் செய்யும். ஒரு நாள் சாயங்காலம் பேப்பரைப் பிரித்தால் நடுப்பக்கத்தில் வட்டமாக ஈரம் காய்ந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கிடக்கிறது. மை மறுபக்கத்துக்கு ஊறிவிட்டது. மடிப்புக்குள் எறும்பு. அதுவும் என்ன தண்ணீர், வயிற்றுக்குள் கிடந்து வந்த தண்ணீர். நான் சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற ஆள் இல்லை நான், பிரஸ்ஸில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பேப்பரை நாலாக மடித்து, அவள் கண்ணில் படுகிற மாதிரிக் குப்பைக்கூடையில் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது. மறுநாளிலிருந்து பேப்பரை பிரஸ்ஸுக்கே போடச் சொல்லிவிட்டேன். அவளுக்கும் சங்கடம் இல்லை, எனக்கும் சங்கடம் இல்லை. அவளும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இதை எதற்குச் சொல்ல ஆரம்பித்தேன்? ஆமாம், எறும்பு. எறும்புத் தொல்லை அந்த வீட்டில் அப்படி. பேப்பர் நின்றதும் எறும்பு காலண்டருக்குப் போய்விட்டது.

அவள் ஏதோ ஒரு நாள் அந்த அறைக்கு ஒரு காலண்டர் வேண்டும் என்று கேட்டாள். அவள் என்னிடம் ஒன்று கேட்டு வாங்குவது அபூர்வம். இருந்ததிலேயே பெரிய சைஸாகப் பார்த்து எடுத்து வந்தேன். நாங்கள் அச்சடித்ததுதான். தேதி எண் என் உள்ளங்கை அகலம் இருக்கும், நல்ல கெட்டியான கறுப்பு. வாசலில் நின்று கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். கீழே இருக்கிற பொடி எழுத்தை அவளால் படிக்க முடியாது, அதற்கு அவளுக்கு அவசியமும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில் மாட்டச் சொன்னாள். மாட்டினேன். கொஞ்ச நாளில் சுவரோடு ஒரு எறும்பு வரிசை, தரையிலிருந்து நேராகக் காலண்டர் வரைக்கும். தாள் நெளிந்து, ஓரத்தில் உப்பி, பிசுக்காக இருந்தது. கிழித்தால் இரண்டு மூன்று நாள் சேர்ந்து வந்தது. இந்தப் பையை மாட்டி எடுக்கும்போது கொஞ்சம் தள்ளிப் பிடிக்கக் கூடாதா, சாமி படம் போட்ட காலண்டர் என்றேன். சரி அத்தான் என்றாள். எறும்பு சாக்பீஸ் வாங்கிச் சுவரில் கோடு போட்டேன். அந்த அளவுக்கு நான் அந்த அறையைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் சில மாதம் சிஸ்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். மதுரையிலிருந்து பஸ் ஏறி வருவார். குழாய் வெளியே வருகிற இடத்தைப் பார்ப்பார், கை கழுவச் சொல்லிப் பார்ப்பார், இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். வியாதிக்காரியைப் பார்க்க வந்த இடத்தில் என்ன சிரிப்பு என்று எனக்குத் தோன்றும். பிறகு ஆஸ்பத்திரியில் என்ன மாற்றமோ, வீட்டுக்கு வருவது நின்று போனில் விசாரிப்பது என்று ஆகிவிட்டது.

கார்த்திகை மாதம். பிரஸ்ஸில் உச்சக்கட்ட வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். வயிறு லேசாகப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது, வாயுவாக இருக்கும் என்று மாத்திரை போட்டிருந்தாள். சிஸ்டர் போன் பண்ணினார். இவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், அதனால் எனக்கு எல்லாம் கேட்டது. வலி பற்றிச் சொன்னாள். சிஸ்டர் ஒரே கேள்விதான் கேட்டார், பையில எழுத்து தெரியுதா அக்கா?

"நல்லாத் தெரியுது சிஸ்டர். நேத்தும் தெரிஞ்சுது, இன்னிக்கும் தெரியுது."

அப்படின்னா பயமில்ல, ரெண்டு நாளா வெளிக்குப் போகலைன்னா இப்படி இழுக்கும், நாளைக்கும் இருந்தா வாங்க என்று சிஸ்டர் சொன்னார். இதை நான் என் காதால் கேட்டேன். எந்த விசாரணையிலும் சொல்வேன்.

மறுநாள் நான் பிரஸ்ஸில் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணினார். உடம்பு தூக்கிப் போடுகிற குளிர்க் காய்ச்சல். கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் முதலில் வயிற்றில் இருந்த தண்ணீரைப் பையில் இறக்கினார். நானும் பார்த்தேன் தம்பி. அரிசி களைந்த தண்ணீர். ஒரு நாளில் இப்படிக் கலங்காதே, மூன்று நான்கு நாளாகவே கலங்கியிருக்குமே, கவனிக்கவில்லையா என்றார் டாக்டர். என்னைத்தான் பார்த்துக் கேட்டார். நான் சிஸ்டரைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. சில நாள் கிடந்தாள். தீவிரப் பிரிவில் ஒருத்தரைத்தான் உள்ளே விடுவார்கள். நான் போனால் அவள் ஒன்றும் பேசமாட்டாள், முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை மட்டும் கேட்டாள், இன்னிக்குப் பேப்பர் வந்துச்சா அத்தான் என்று. நினைவு தடுமாறுகிறது போல என்று நினைத்தேன். வந்தது, படித்துவிட்டேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். அதுதான் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு. சிஸ்டர் தன் வேலை முடிந்ததும் வந்து அவள் பக்கத்தில் உட்காருவார். அவரிடம் பேசியிருக்கிறாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன், உதடு அசைகிறது, சிஸ்டர் குனிந்து காதைக் கொடுக்கிறார், பிறகு நிமிர்ந்து நான் நிற்கிற பக்கம் பார்க்கிறார். ஒரு மாதிரிப் பார்வை. உடனே திருப்பிக்கொண்டார்.

காரியம் எல்லாம் முடிந்து நான் மதுரைக்குப் போனேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. மூன்று நாலு நாளாகக் கலங்கின தண்ணீரை வைத்துக்கொண்டு எழுத்து நல்லாத் தெரியுது என்று ஏன் சொன்னாள்? சிஸ்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் கையில் இருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்.

"அக்கா பொய் சொல்லல சார். அவங்களுக்குத் தெரிஞ்சுது."

எப்படித் தெரியும் என்றேன். தெரிஞ்சுது சார், அதோட விட்டுருங்க என்றார். வேறு ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

இதைத்தான் நான் நம்பவில்லை. நீங்களே சொல்லுங்கள். அரிசி களைந்த தண்ணீருக்கு அடியில் பேப்பர் எழுத்து எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாததைத் தெரிகிறது என்று அவள் சொல்லியிருந்தால், அவள் வேண்டுமென்றே மறைத்தாள் என்று ஆகிறது. சாக வேண்டும் என்று இருந்தாள் என்று ஆகிறது. ஐப்பசியில் ஒரு நாள் பையைக் கழற்றிவிட்டு, போதும்னு இருக்கு அத்தான் என்றாள். எதற்கோ சொன்னாள், அப்போது நான் தலையைத் தூக்கவில்லை, புரூஃப் கையில் இருந்தது. பிறகு அந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகப் படித்துப் பார்த்துவிட்டேன். பை போதும் என்றாளா? வாழ்ந்தது போதும் என்றாளா? என்னோடு வாழ்ந்தது போதும் என்றாளா? பக்கத்தில் படுத்திருந்தவள் நாளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் கண்டுபிடிக்கவில்லை. எதற்குக் காலண்டர் கேட்டாள்? நாள் எண்ணத்தானே? இப்படியெல்லாம் ஓடும் புத்தி. ஒரு மனிதன் இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவான்? மகளிடம் ஒரு தடவை கேட்டேன், உங்கம்மா உன்னிடம் ஏதாவது சொன்னாளா என்று. அம்மா உயிரோட இருந்தப்ப அம்மாட்ட கேட்டிருக்கணும்பா என்றாள். போனை வைத்துவிட்டாள்.

இல்லை என்றால் சிஸ்டர் பொய் சொல்கிறார். சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, வீட்டுக்கு வந்து பார்ப்பதையும் நிறுத்திவிட்டார், வலி என்று சொன்னபோது நாளைக்கு வாங்க என்றார். அதை மூடத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சுது என்கிறார். இரண்டில் ஒன்று. எனக்கு எது வசதி என்று நீங்கள் கேட்பீர்கள். நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்போது எனக்கு இரண்டாவதுதான் சரி என்று பட்டது. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம், ஒரு பிழை இருக்காது. அவர்கள் சிஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு வார்த்தை அவர் மறுத்துச் சொல்லவில்லையாம். அந்த வேலையிலிருந்து எடுத்து வார்டில் போட்டார்கள். பிறகு அங்கிருந்தே போய்விட்டார். நியாயம் தன் பக்கம் இருக்கிற ஆள் வாயைத் திறக்காமல் போவாரா? இதைத்தான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லி முடித்ததும் அந்தப் பார்வை வந்துவிடும், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த பார்வை. குற்றம் பண்ணினவர் பார்வை மாதிரி இல்லை அது. குற்றம் பண்ணினவரைப் பார்க்கிற பார்வையும் இல்லை. எனக்காகச் சங்கடப்பட்ட மாதிரி.

இன்று காலையில் பஸ்ஸில் வரும்போது கேள்வியைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். சாத்தூர் தாண்டினதிலிருந்து திருத்திக்கொண்டே வந்தேன். அவளுக்கு வாழப் பிடிக்கவில்லை என்று உங்களிடம் சொன்னாளா? இதுதான் கேள்வி. ஆம் என்றால் ஆம். இல்லை என்றால் இல்லை.

நான் வந்தபோது நீங்கள் இங்கே இல்லை, கீழே மருந்து வாங்கப் போயிருந்தீர்கள் போலிருக்கிறது. அந்தக் கதவு பாதி திறந்திருந்தது. சிஸ்டருக்குத் தலை நரைத்துவிட்டது, குரல் மாறவில்லை. உங்கள் அம்மா நாற்காலியில், மடியில் தண்ணீர் நிரப்பின ஒரு பை. சிஸ்டர் மேஜையிலிருந்து ஒரு அட்டை எடுத்தார். உங்களுக்கும் காட்டுவார்கள், பாருங்கள். உள்ளங்கை அளவு பேப்பர்த் துண்டு, பொடி எழுத்து, மேலே பிளாஸ்டிக் போட்டு ஒட்டியிருக்கிறது. நான் கதவோரத்தில் நின்றேன். என்னை அவர் பார்க்கவில்லை. உங்கள் அம்மாவிடம் அந்த அட்டையைக் கொடுத்துச் சொன்னார்.

"இது உங்களுக்குத்தான்மா, வீட்டுக்குக் கொண்டுபோங்க. இதுமேல மட்டுந்தான் பையை வச்சுப் பாக்கணும். சொட்டினாலும் துடைச்சுக்கலாம், எறும்பு வராது. வீட்ல யார் பேப்பரும் நனைய வேண்டாம், யாரும் முகம் கோண வேண்டாம். ஆனா காலண்டர்ல மட்டும் வச்சுப் பாத்துராதீங்க. தேதி எண்ணு பெருசு. பாலை ஊத்தி வச்சாக்கூட அது நல்லாத் தெரியும்."

உங்கள் அம்மா தலையாட்டினார்கள். அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போனதும் அதைப் பத்திரமாக வையுங்கள் தம்பி.

சிஸ்டர் கை துடைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. வாங்க சார் என்றார், போன வாரம் பார்த்த ஆளிடம் சொல்கிற மாதிரி. நான் பஸ்ஸில் திருத்தித் திருத்தி வைத்திருந்த கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தேன். அது வரவில்லை. வேறொன்று வந்தது.

"சிஸ்டர், காலண்டர்னு உங்களுக்கு யார் சொன்னது?"